கூடிய எலும்பு, மல்லாத்த முடியாத கை: முன்கை முறிவு தவறாகக் கூடிய ஒரு கொத்தனாரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் 29 வயதுக் கொத்தனார். வலக்கைப் பழக்கம் உள்ளவர். மனைவி அதே வேலையிடங்களில் சித்தாளாகப் போகிறார். வீட்டில் தாயும் இரண்டு சிறு குழந்தைகளும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் எலும்பு முறிவு மருத்துவராகப் பணியாற்றும் நான், அவருடைய ஒப்புதலோடும், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் இதைப் பதிவு செய்கிறேன். என்னிடம் வந்தபோது அவருக்கு அடிபட்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

வெளிப்பூச்சு வேலையின்போது சாரத்தின் பலகை விலகி, ஏறத்தாழ பத்தடி உயரத்திலிருந்து வலக்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். அன்று மாலையே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்திருப்பதைச் சொல்லி, பாதி மாவுக்கட்டுப் போட்டு, மறுநாள் அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருக்கும்படி கூறியிருக்கிறார்கள். தோல் கிழியவில்லை; விரல்களில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தன. வளர்ந்த ஒருவருக்கு இரண்டு எலும்புகளும் நடுத்தண்டில் முறிந்து விலகியிருந்தால் பிளேட் வைத்துப் பொருத்துவதே உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. ஆகவே அங்கே சொல்லப்பட்ட ஆலோசனையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் மறுநாள் காலை அவர் அங்கிருந்து கிளம்பிவிட்டார்.

ஏன் கிளம்பினீர்கள் என்று நான் கேட்டபோது மூன்று காரணங்களைச் சொன்னார். கத்தி வைப்பதில் தாய்க்கு இருந்த பயம் ஒன்று. எத்தனை நாள் கூலி போகும் என்று யாரும் சொல்லாதது இரண்டாவது. மூன்றாவதை அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: கையில் இரும்பு வைத்தவன் அதன்பின் பாரம் தூக்கக் கூடாது என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள், பாரம் தூக்காத கொத்தனாருக்கு யார் வேலை தருவார்கள்? இந்த மூன்றாவது காரணத்துக்கு ஒரே நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். எலும்பு முழுமையாகக் கூடியபின் பிளேட் உள்ள கையால் பாரம் தூக்கத் தடை இல்லை. அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கிடைக்காமல் போனதுதான் இந்த நிகழ்வின் தொடக்கம் என்று நான் கருதுகிறேன்.

மைத்துனரின் துணையோடு அவர் ஒரு நாட்டு வைத்தியரிடம் சென்றார். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் சிம்பு வைத்து, உள்ளங்கை தரையைப் பார்த்தபடி இருக்கும் நிலையில் துணிக்கட்டு போடப்பட்டது. வாரம் ஒருமுறை கட்டு மாற்றப்பட்டது. இடையில் எக்ஸ்ரே எடுக்கப்படவில்லை. ஏழாவது வாரத்தில் கட்டைப் பிரித்த வைத்தியர், எலும்பு கூடிவிட்டது என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை. எலும்பு உறுதியாகவே கூடியிருந்தது.

முதல் சந்திப்பில் கவனித்தவை

அவர் முறையிட்டது வலியைப் பற்றி அல்ல. "கரணை பிடிக்க முடிகிறது ஐயா, கலவையை அடிக்க முடியவில்லை" என்றார். சட்டியிலிருந்து சாந்தை அள்ளும்போது கை மல்லாந்து, சுவரில் அடிக்கும்போது புரள வேண்டும். அந்தப் புரட்டல் அவருக்கு வரவில்லை. உள்கூரைப் பூச்சில் உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். அது அறவே முடியவில்லை. மேஸ்திரி அவரைச் சித்தாள் வேலைக்கு மாற்றியிருந்தார். ஏறக்குறைய பாதிக் கூலி. அதே தளத்தில் மனைவியும் அவரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

வேறு சிலவற்றை அவர் கேட்டபின்தான் சொன்னார். நடத்துநர் தரும் சில்லறை கையில் நிற்காமல் உருண்டுவிடுகிறது. கோயிலில் திருநீறு வாங்க இடக்கையை நீட்ட மனம் வராமல் பின்னால் நின்றுவிடுகிறார். முகம் கழுவ இரு கைகளையும் சேர்த்து நீர் ஏந்த முடிவதில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக உடலை ஒருபக்கம் சாய்க்க வேண்டியிருக்கிறது. ஏந்துவது என்று நாம் சொல்லும் செயல்கள் அனைத்தும் அவரிடமிருந்து போயிருந்தன.

வெளியிலிருந்து பார்த்தால் கையில் சிறு வளைவு மட்டுமே தெரிந்தது. முழங்கையை மடக்கவும் நீட்டவும், மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்கவும் தடையில்லை. முழங்கைகள் இரண்டையும் விலாவோடு ஒட்டி, செங்கோணத்தில் மடக்கி, ஒவ்வொரு கையிலும் ஒரு பென்சிலைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். இடக்கையில் மல்லாத்துதல் 85 டிகிரி, கவிழ்த்தல் 80. வலக்கையில் கவிழ்த்தல் 70. மல்லாத்துதல் 10 டிகிரி மட்டுமே. முழங்கையை விலாவிலிருந்து விலக்க விட்டிருந்தால் இந்த அளவுகளை நம்ப முடியாது. கவிழ்க்கும் குறையைத் தோள் ஓரளவு ஈடுகட்டிவிடும். மல்லாத்தும் குறையை ஈடுகட்டத் தோளால் இயலாது என்பதால்தான் அன்றாட வாழ்க்கையில் இந்தக் குறை கூடுதலாக உறுத்துகிறது. பிடிவலு இடக்கையில் 41 கிலோ, வலக்கையில் 24 கிலோ. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் எலும்பு சற்றுப் புடைத்திருந்தது; அழுத்தினால் லேசான வலி இருந்ததே தவிர, மூட்டு நிலைகுலையவில்லை.

எலும்பு கூடியும் கை ஏன் திரும்பவில்லை

முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. சுண்டுவிரல் பக்கம் உள்ள அல்னா ஏறக்குறைய அசையாமல் நிற்க, கட்டைவிரல் பக்கம் உள்ள ரேடியஸ் அதைச் சுற்றிப் புரள்கிறது. கையை மல்லாத்தும்போது இரண்டும் இணையாக நிற்கின்றன. கவிழ்க்கும்போது ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்கே கிடக்கிறது. இடிக்காமல் புரள்வதற்காகவே ரேடியஸ் வெளிப்புறமாக மென்மையாக வளைந்திருக்கிறது. ஆகவே முன்கை முழுவதையும் ஒரு மூட்டாகப் பார்க்க வேண்டும். தொடை எலும்போ கால் எலும்போ சற்றுக் கோணலாகக் கூடினாலும் அருகிலுள்ள மூட்டுகள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். முன்கையில் அப்படியில்லை, ஏனெனில் கூடிய இடமே மூட்டின் ஒரு பகுதி.

எவ்வளவு கோணல் வரை பொறுக்கலாம் என்பதற்கு, இறந்தவர்களின் கைகளில் செய்து 1982-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இன்றும் வழிகாட்டுகிறது: 10 டிகிரி கோணலில் சுழற்சி பெரிதாகக் குறையவில்லை, 20 டிகிரியில் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் குறைந்தது. இவருடைய எக்ஸ்ரேயில் ரேடியஸ் 21 டிகிரி அல்னாவை நோக்கிச் சாய்ந்து, தன் இயல்பான வளைவை இழந்திருந்தது. அல்னாவில் 9 டிகிரி கோணல் இருந்தது.

ஆனால் கோணல் மட்டும் காரணம் என்றால் மல்லாத்துதலும் கவிழ்த்தலும் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும். இவருக்கோ ஒன்று மட்டும் ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அவர் மஞ்சள் உறையில் பத்திரமாக வைத்திருந்த முதல் நாள் படம் இதற்கு விடை தந்தது. ரேடியஸ் முறிந்திருந்தது மேல் மூன்றிலொரு பங்கும் நடுப்பங்கும் சந்திக்கும் இடத்தில். அந்த இடத்துக்கு மேலே கையை மல்லாத்தும் தசைகளும், கீழே கவிழ்க்கும் தசையும் பற்றியிருக்கின்றன. அங்கே முறிந்தால் மேல்துண்டு மல்லாந்தும் கீழ்த்துண்டு கவிழ்ந்தும் எதிரெதிர்த் திசையில் இழுக்கப்படும். அந்த நிலையில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக் கட்டினால் இந்த முறுக்கு அப்படியே நிலைத்துவிடும். முதல் நாள் படத்தில் முறிந்த இரு முனைகளின் தடிமனும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தது இந்த முறுக்கின் அடையாளமே.

முறுக்கைச் சாதாரண எக்ஸ்ரேயில் துல்லியமாக அளக்க முடியாது. இரு கைகளுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரேடியஸின் மேல்முனையில் இருதலைத் தசை பற்றும் புடைப்பையும் கீழ்முனையையும் ஒப்பிட்டபோது, இடக்கையைவிட வலக்கையில் 35 டிகிரி முறுக்கு இருப்பது உறுதியானது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் அறுவை சிகிச்சை தேவையா என்பதையே யோசித்தோம். கூடிய எலும்பை மீண்டும் வெட்டுவது எளிய காரியம் அல்ல. கூடாமல் போகலாம், கிருமி தொற்றலாம், நரம்பு பாதிக்கப்படலாம், இரண்டு எலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கிற சுழற்சியும் போகலாம். அலுவலக மேசையில் வேலை பார்ப்பவராக இருந்திருந்தால், கவிழ்த்தல் 70 டிகிரி இருப்பதால் அப்படியே விட்டுவிடலாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அன்றாடக் காரியங்களுக்கு இருபுறமும் 50 டிகிரி சுழற்சி போதும் என்பது 1981 முதல் ஏற்கப்பட்ட கணக்கு. இவரிடம் ஒருபுறம் 10 டிகிரி மட்டுமே இருந்தது. அவருடைய தொழில் அந்தப் புறத்தில்தான் இருந்தது.

பயிற்சியால் சரிசெய்ய முடியுமா என்று அவர் கேட்டார். எலும்பே முறுக்கிக் கூடியிருக்கும்போது பயிற்சி அதை நிமிர்த்தாது என்று நேராகவே சொன்னேன். சிறு குழந்தைகளுக்கு வளர்ச்சி ஓரளவு கோணலை நிமிர்த்தும். அவர்களுக்குக்கூட முறுக்கைப் பெரிதாகத் திருத்துவதில்லை. வளர்ந்தவருக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

காலமும் முக்கியமாக இருந்தது. தவறாகக் கூடிய முன்கை எலும்புகளைத் திருத்துவது பற்றி 1995-இல் வெளியான ஆய்வில், அடிபட்டு ஓராண்டுக்குள் திருத்தப்பட்டவர்களுக்கே கூடுதல் சுழற்சி திரும்பியது. இரண்டு எலும்புகளுக்கும் இடையே விரிந்திருக்கும் சவ்வு, நீட்டப்படாமல் இருக்க இருக்கச் சுருங்கி இறுகுகிறது. அதன்பின் எலும்பை நேராக்கினாலும் சவ்வு விடாது.

இந்த முறை அவரையும் மனைவியையும் தாயையும் ஒன்றாக உட்காரவைத்து, என் கையை மல்லாத்தியும் கவிழ்த்தும் காட்டி, எலும்பு மாதிரியை அவர்கள் கையில் கொடுத்து விளக்கினேன். முழுச் சுழற்சி திரும்பாது என்பதையும், குறைந்தது ஐந்து மாதம் கரணை பிடிக்க முடியாது என்பதையும் சொன்னேன். இரும்பு வைத்தால் பாரம் தூக்கலாமா என்று தாய்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தபின் அவர்கள் முடிவெடுக்க நேரமாகவில்லை. செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது.

திட்டத்தைப் பொறுத்தவரை, இடக்கையின் எக்ஸ்ரேயைப் புரட்டிப்போட்டு வரைதாளில் பதித்து, அதன்மேல் வலக்கை எலும்பின் வரைபடத்தை வெட்டி ஒட்டி, எங்கே எவ்வளவு எலும்பை ஆப்பு வடிவில் எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டோம். கணினியில் உருவாக்கி அச்சிடும் வெட்டு வழிகாட்டிகள் பெரிய மையங்களில் இருக்கின்றன, எங்களிடம் இல்லை. ரேடியஸை மட்டும் முதலில் திருத்துவது, அறுவை மேசையிலேயே சுழற்சியை அளப்பது, போதவில்லையென்றால் மட்டும் அல்னாவையும் வெட்டுவது என்று முடிவு செய்தோம். இரண்டுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருந்தோம்.

அறுவை சிகிச்சை

அடிபட்டு எட்டரை மாதங்கள் கழித்து, கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு அறுவை சிகிச்சை நடந்தது. முன்கையின் முன்புறம் வழியாக ரேடியஸை அணுகினோம். விரல்களை நீட்டும் நரம்பு, மேல் மூன்றிலொரு பங்கில் மல்லாத்தும் தசைக்குள் புகுந்து ரேடியஸைச் சுற்றிச் செல்கிறது. வழக்கமாகக் கையை நன்றாக மல்லாத்தி வைத்தால் அந்த நரம்பு வெட்டும் இடத்திலிருந்து விலகிப் போகும். அதுவே நமக்குப் பாதுகாப்பு. இவருடைய குறையே மல்லாத்த முடியாமை என்பதால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. தசையை எலும்போடு ஒட்டி மெதுவாக உரித்து, நரம்பைத் தசைக்குள்ளேயே விட்டு ஒதுக்க வேண்டியிருந்தது. இதற்கே நாங்கள் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

கோணலின் உச்சியில் எலும்பை வெட்டி, சிறு ஆப்பு ஒன்றை எடுத்து, கீழ்த்துண்டை 35 டிகிரி மல்லாந்த திசையில் சுழற்றி, 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூக்கள் கொண்ட ஏழு துளைப் பிளேட்டால் பொருத்தினோம். பிளேட்டை ரேடியஸின் வளைவுக்கு ஏற்ப முன்பே வளைத்திருந்தோம். நேரான பிளேட்டை அப்படியே வைத்தால் அது எலும்பையும் நேராக்கிவிடும். வளைவு எவ்வளவு திரும்புகிறதோ அதைப் பொறுத்தே சுழற்சியும் பிடிவலுவும் திரும்பும் என்பது 1992-இல் பிளேட் வைக்கப்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வில் தெளிவாகக் காட்டப்பட்டது.

இந்த நிலையில் அளந்தபோது மல்லாத்துதல் 40 டிகிரிதான் வந்தது. அதோடு நிறுத்தலாமா என்ற பேச்சு எழுந்தது. கையின் ரத்த ஓட்டத்தை நிறுத்தியிருந்த காற்றுப்பட்டை 80 நிமிடங்களைக் கடந்திருந்தது. பட்டையைத் தளர்த்தி, சற்று நேரம் ரத்தம் ஓட விட்டு, அல்னாவைத் தனி வெட்டின் வழியாக அணுகித் திருத்தினோம். இரண்டையும் ஒரே வெட்டின் வழியாகச் செய்வது எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பைக் கூட்டும். அல்னாவின் 9 டிகிரியைத் தனியாகப் பார்த்தால் பொறுக்கத்தக்கதுதான். ஆனால் அதைத் திருத்தியதும் மல்லாத்துதல் 65 டிகிரிக்கு உயர்ந்தது, கவிழ்த்தல் 70 ஆகவே இருந்தது. எஞ்சிய குறைவுக்குச் சவ்வின் இறுக்கமே காரணம் என்று கருதி அதை வெட்டாமல் விட்டோம். ஆப்பாக எடுத்த எலும்பைப் பொடித்து, வெட்டிய இடத்தைச் சுற்றி வைத்தோம்.

பின்னர் நிகழ்ந்தவை

முதல் இரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரல்களை நீட்டிப் பார்த்தோம். முன்கைத் தசைகள் வீங்கி ரத்த ஓட்டம் தடைபட்டால், விரலை நீட்டும்போது எழும் தாங்கமுடியாத வலிதான் முதல் எச்சரிக்கை. அந்த வலி அவருக்கு வரவில்லை. மரத்துப்போன தன்மை நீங்கியபின் வேறொன்று தெரிந்தது: மணிக்கட்டைத் தூக்க முடிந்தது, கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் அடியிலிருந்து நீட்ட முடியவில்லை. நாங்கள் அஞ்சிய அதே நரம்பு. அறுபடவில்லை, ஒதுக்கியபோது ஏற்பட்ட இழுவையால் செயலிழந்திருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்ததால், மீண்டும் திறக்காமல், விரல்களைத் தாங்கும் பட்டை கொடுத்துக் காத்திருந்தோம். அவரிடம் எதையும் மறைக்கவில்லை. ஆறாவது வாரத்தில் விரல்கள் லேசாக நிமிர்ந்தன; பத்தாவது வாரத்தில் முழுமையாக நீண்டன. அந்தப் பத்து வாரங்கள் அவருக்கும் குடும்பத்துக்கும் மிகக் கடினமானவை.

பிளேட்டுகள் உறுதியாக இருந்ததால் மாவுக்கட்டு போடவில்லை. மூன்றாம் நாளிலிருந்தே கையைச் சுழற்றும் பயிற்சி தொடங்கியது. சுத்தியலின் பிடியை நுனியில் பிடித்து, அதன் எடையே கையை மெதுவாக மல்லாத்தும்படி விடும் பயிற்சியை வீட்டில் செய்யச் சொன்னோம். ஆறாவது வாரம் வரை ஒழுங்காக வந்தவர் அதன்பின் வரவில்லை. பன்னிரண்டாவது வாரம் வந்தபோது மல்லாத்துதல் 30 டிகிரியாகக் குறைந்திருந்தது. பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு நாளும் துணைக்கு வரும் மனைவியின் கூலியும் போனது. அந்த வீட்டில் அப்போது இருந்தது அந்த ஒரு கூலிதான். இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளர் அவர் ஊருக்கே சென்று பயிற்சி தர ஏற்பாடு செய்தபின் இழந்தது படிப்படியாகத் திரும்பியது.

அல்னா பதினான்கு வாரங்களிலும், ரேடியஸ் பத்தொன்பது வாரங்களிலும் கூடின. ஆறரை மாதத்தில் சுவர்ப்பூச்சுக்குத் திரும்பினார். பதினான்காவது மாதத்தில் அளந்தபோது மல்லாத்துதல் 55, கவிழ்த்தல் 65. கவிழ்த்தலில் 5 டிகிரியை இழந்து மல்லாத்துதலில் 45 டிகிரியைப் பெற்றிருக்கிறார். பிடிவலு 35 கிலோ. கொத்தனார் கூலி திரும்பிவிட்டது. உள்கூரைப் பூச்சில் இன்னும் அரைமணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்த வேலையை மேஸ்திரி வேறொருவருக்குத் தருகிறார். மழைக்காலத்தில் முன்கை வலிக்கிறது என்கிறார். பிளேட்டுகளை எடுக்கவில்லை. எடுத்தபின் ஸ்க்ரூ இருந்த துளைகளின் வழியே எலும்பு மீண்டும் முறியும் வாய்ப்பு உண்டு; தொந்தரவு தராதவரை அவை இருக்கட்டும் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம்.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் இன்னொருவர் வந்தால் அல்னாவைத் திருத்துவதைத் தயக்கத்துக்குரிய இரண்டாம் கட்டமாக வைக்காமல், தொடக்கத் திட்டத்திலேயே சேர்த்திருப்பேன். மேசையில் யோசித்த நேரம் மிச்சமாகியிருக்கும். மல்லாத்த முடியாத கையில் மேல்பங்கை அணுகும்போது நரம்பை முதலிலேயே கண்டறிந்து, பார்வையில் வைத்துக்கொண்டு வேலை செய்வேன். தசைக்குள் விட்டுவிட்டு அது பத்திரமாக இருக்கும் என்று நம்பியது என் கணிப்புப் பிழை. ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இடையே எங்கள் பட்டியலில் ஐந்து வாரம் காத்திருக்க நேர்ந்தது. ஓராண்டு எல்லையை நெருங்கும் நோயாளியை நான் முன்னகர்த்தியிருக்க வேண்டும். பயிற்சிக்கான ஏற்பாட்டைப் பதின்மூன்றாவது வாரத்தில் செய்ததை, மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே செய்வோம்.

எங்கள் பிரிவில் இப்போது முன்கை முறிவோடு வரும் ஒவ்வொருவருக்கும், பிளேட் வேண்டும் என்று சொல்வதற்கு முன் கையை மல்லாத்திக் காட்டி, இந்த அசைவைக் காப்பாற்றவே இதைச் செய்கிறோம் என்று சொல்கிறோம். என்ன தொழில், எந்தக் கை, எத்தனை நாள் கூலி போகும், யார் துணைக்கு வருவார் என்பதையும் அதே பேச்சில் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

அந்த நாட்டு வைத்தியரையும் நோயாளியின் மைத்துனர் வழியாகச் சந்தித்தேன். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டியபோது அவர் வாதிடவில்லை. எலும்பு கூடியதைத்தான் தான் பார்த்ததாகவும், கை திரும்புகிறதா என்று பார்க்க யாரும் தனக்குச் சொல்லித் தரவில்லை என்றும் சொன்னார். முன்கையில் இரண்டு எலும்புகளும் முறிந்த பெரியவர்களுக்குக் கட்டு போடாமல் அனுப்பிவிடவும், மற்றவர்களுக்கு முதல் வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் எக்ஸ்ரே எடுத்து எங்களுக்கு அனுப்பவும் ஒப்புக்கொண்டார். வீக்கம் வற்றிக் கட்டு தளரும் அந்த இரண்டு வாரங்களில்தான் எலும்பு பெரும்பாலும் விலகுகிறது. இதுவரை நான்கு படங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று எட்டு வயதுச் சிறுமியுடையது. ஒன்பதாம் நாள் எடுத்த படத்தில் ரேடியஸ் சாய்ந்திருந்தது. மயக்கம் கொடுத்து, கத்தி படாமல், கையை மல்லாத்தி நிமிர்த்தி, முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு போட்டோம். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, அடுத்த மாதம் பார்த்தபோது, இரண்டு உள்ளங்கைகளையும் ஒரே அளவு மல்லாத்தி என் முன் நீட்டினாள்.